முதியோர் இல்லத்தில் கிடைப்பது சொந்தமா, வெறும் கூட்டமா?

இரண்டாம்மாடி:
போன வாரம் வேறொரு இழையில் பழையவீடு ஐயா எழுதியது மனதில் தங்கிவிட்டது. "முதியோர் இல்லத்தில் கூட்டம் கிடைக்கும், சொந்தம் கிடைக்காது. அதற்கு ஐம்பது வருடம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும்" என்றார். எனக்கு 74 வயது. இல்லத்துக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. முதல் எட்டு மாதம் நானும் அப்படித்தான் நினைத்தேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. இன்று அப்படி நினைக்கவில்லை.

எங்கள் சாப்பாட்டு அறை வாசலில் ஒரு கரும்பலகை இருக்கிறது. தினமும் காலையில் ஒருவர் அதில் தேதியும் கிழமையும் எழுதுவார். யாரும் அவருக்குக் கொடுத்த வேலை இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர், 81 வயது. கை நடுங்குவதால் ஒவ்வோர் எழுத்தையும் இரண்டு முறை இழுத்து எழுதுவார். ஒரு தடவை காய்ச்சலில் படுத்துவிட்டார். மறுநாள் விடிந்தும் பலகையில் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமையாகவே நின்றது. மதியத்துக்குள் அவர் அறை வாசலில் பதினோரு பேர். அதில் நான்கு பேர் அவரோடு அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

நான் ஒருநாள் வரவில்லையென்றால் அது யாருக்காவது தெரிய வேண்டும். என்னைப் பொறுத்தவரை சொந்தம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பழையவீடு:
அம்மா, அந்தப் பதினோரு பேரும் நல்ல மனசுக்காரர்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஆசிரியரின் மனைவி குரல் எப்படி இருக்கும் என்று தெரியும்?

எனக்கு 79. மனைவி போய் ஐந்து வருடம். தனியாக இருக்கிறேன். எங்கள் சமையலறைக் கதவு நிலையில் பிள்ளைகளின் உயரத்தை அவள் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறாள். பெரியவனுக்குப் பதினொரு கோடு, சின்னவளுக்கு ஒன்பது. தினமும் அதைத் தாண்டித்தான் தண்ணீர் எடுக்கப் போகிறேன். இதை விட்டுவிட்டு ஓர் அறை எண்ணுக்குள் போய் நான் யாராக இருப்பேன்?

ராபர்ட் வைஸ் என்ற சமூகவியலாளர் 1973-லேயே தனிமையை இரண்டாகப் பிரித்துச் சொன்னார். பழக ஒரு வட்டம் இல்லாத தனிமை ஒன்று. மனசுக்கு நெருங்கிய ஒருவர் இல்லாத தனிமை இன்னொன்று. ஒன்றுக்கு வைத்த மருந்து இன்னொன்றுக்குக் கேட்காது என்பதுதான் அவர் வாதம். இல்லம் முதலாவதைத் தீர்க்கும், சரி. இரண்டாவதுக்கு என்ன செய்வது?

மூத்தமகள்:
நான் ஐயா பக்கம். அம்மாவை இல்லத்தில் சேர்த்து ஆறு மாதம் ஆகிறது. நல்ல இடம், சுத்தமான இடம். இரண்டு மணிக்குக் கைவேலை, நான்கு மணிக்குப் பாட்டு என்று அட்டவணை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். நான் போன அன்று பாட்டு நேரம். வட்டமாக நாற்காலி போட்டுக் கைதட்டச் சொன்னார்கள். அம்மா தட்டினார். ஆனால் கண் முழுக்க வாசல் பக்கமே இருந்தது. நாற்பது பேர் நடுவில் அவ்வளவு தனியாக அம்மாவை நான் பார்த்ததே இல்லை. அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. சேர்த்தது தப்போ என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

இரவுப்பணி:
அக்கா, ஒன்று கேட்கிறேன். அம்மாவுக்குக் காது எப்படி? சாப்பாட்டு அறையில் எங்கே உட்கார்கிறார்?

ஒன்பது வருடமாக முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். "ஒட்டவே மாட்டேங்குறாங்க" என்று நாங்கள் முடிவுகட்டிய பல பேருக்கு உண்மையில் காதுதான் பிரச்சினை. எட்டுப் பேர் மேசை, தட்டுச் சத்தம், கரண்டிச் சத்தம், மேலே மின்விசிறி. காது மெஷின் எல்லாச் சத்தத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும்போது அதைக் கழற்றிப் பையில் போட்டுவிடுவார்கள். அப்புறம் சிரித்துத் தலையாட்டுவதோடு சரி. ஓரமாக இரண்டு மூன்று பேர் மேசைக்கு, சுவரை ஒட்டி மாற்றச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று, நாற்காலி. புதிதாக வருபவர் தெரியாமல் ஓர் இடத்தில் உட்காருவார். "அது அவங்க இடம்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். சின்ன விஷயம்தான். ஆனால் முதல் நாள் அதைக் கேட்டவர் ஒரு மாதம் அறையிலேயே சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பக்கமும் தப்பு உண்டு. எல்லாவற்றையும் நாங்களே செய்துவிடுகிறோம். 1976-இல் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற உளவியலாளர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு மாடிக்காரர்களிடம் ஆளுக்கு ஒரு செடியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, "தண்ணீர் விட்டுப் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு" என்றார்கள். இன்னொரு மாடிக்கும் செடி கொடுத்தார்கள், ஆனால் செவிலியர் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று வாரத்தில் முதல் மாடியில் உற்சாகமும் நடமாட்டமும் கூடியிருந்தன. ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தபோது முதல் மாடியில் இறந்தவர்கள் 15 சதவீதம், மற்ற மாடியில் 30.

பழையவீடு:
தம்பி, அந்த ஆய்வு எனக்கும் தெரியும். ஆட்கள் மொத்தம் நூறுகூட இல்லை. இறப்புக் கணக்கில் பிழை இருந்தது, வித்தியாசம் முதலில் சொன்ன அளவுக்கு உறுதியானது அல்ல என்று 1978-இல் அவர்களே திருத்தம் போட்டார்கள். அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. செடிக்குத் தண்ணீர் விடு, பலகையில் எழுது, அப்போதுதான் உனக்கு இங்கே இடம் என்றால், ஒன்றும் செய்ய முடியாதவர் கதி என்ன? படுத்த படுக்கையாகிவிட்டவர், ஞாபகம் போனவர்? வீட்டில் யாரும் பாட்டியிடம் "உன்னால் என்ன பிரயோஜனம்" என்று கேட்டு உட்காரவைப்பதில்லை. சும்மா இருக்கவும் உரிமை தருவதுதான் சொந்தம்.

இரண்டாம்மாடி:
ஐயா, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

எங்கள் மாடியில் ஓர் அம்மா இருக்கிறார். பக்கவாதம். எழுந்திருக்க முடியாது, பேச்சும் தெளிவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு நாங்கள் நாலு பேர் அவர் அறைக்குப் போவோம். ஒருவர் செய்தித்தாள் வாசிப்பார். மற்றவர்கள் நடுவில் சண்டை போடுவோம். அவர் பிடிக்காத செய்திக்குக் கண்ணை மூடிக்கொள்வார், அப்போது பக்கத்தைத் திருப்பிவிடுவோம். அவர் எங்களுக்காக எதுவும் செய்வதில்லை. ஆனால் அவர் அங்கே இருப்பதால்தான் நாங்கள் நாலு பேரும் தினமும் ஒரே இடத்தில் சேர்கிறோம். அவர் மருத்துவமனையில் இருந்த பத்து நாளும் நாங்கள் சேரவே இல்லை.

நட்பு உருவாக எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் கணக்குப் பார்த்து 2018-இல் வெளியிட்டார். சாதாரண நட்புக்குச் சுமார் 50 மணி நேரம், நெருங்கிய நட்புக்கு 200-க்கு மேல். அவர் பார்த்தது புது ஊருக்கு மாறிய வயதுவந்தவர்களையும் கல்லூரி மாணவர்களையும். எங்கள் வயதுக்காரர்கள் அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தினமும் ஒரு மணி நேரம் என்று வைத்தால் 200 நாள் ஆகிறது. எனக்கு எட்டாவது மாதம் மனசு திரும்பியது. வெளியே தனி வீட்டில் இருந்தபோது ஒரு தோழியைப் பார்க்க ஆள் துணை வேண்டும், வண்டி வேண்டும், மாதம் ஒரு தடவை முடிந்தால் பெரிது. இங்கே அவர் பக்கத்து அறையில் இருக்கிறார்.

மனைவியின் குரலைப் பற்றிக் கேட்டீர்களே. என் கணவரைப் பக்கத்து அறை அம்மா பார்த்ததில்லை. போன மாதம் அவரைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தபோது வருடத்தை மாற்றிச் சொல்லிவிட்டேன். "இல்லை, அது உங்கள் இரண்டாவது பையன் பிறப்பதற்கு முன்னால்" என்று அவர் திருத்தினார். எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. என் வாழ்க்கையை என்னைவிடச் சரியாக ஞாபகம் வைத்திருக்க இன்னும் ஓர் ஆள் இருக்கிறார்.

பழையவீடு:
கடைசிப் பத்தியை மூன்று முறை வாசித்தேன்.

ஆனால் ஒன்று சொல்லுங்கள். அந்த அம்மா போய்விட்டால்? இந்த வயதில் சேரும் நட்பு எத்தனை நாளைக்கு? ஒரு மனைவியை இழந்ததே எனக்குப் போதும்.

இரவுப்பணி:
ஐயா, அதற்கு என்னிடம் பதில் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன். முன்பெல்லாம் யாராவது இறந்தால் இரவோடு இரவாகப் பின்வாசல் வழியாக எடுத்துப் போவோம். மற்றவர்கள் பயந்துவிடக் கூடாது என்று அப்படி ஓர் ஏற்பாடு. காலையில் நாற்காலி காலியாக இருக்கும். யாரும் கேட்க மாட்டார்கள், நாங்களும் சொல்ல மாட்டோம். நான் செய்ததிலேயே எனக்குப் பிடிக்காத வேலை அதுதான்.

அப்புறம் இருப்பவர்களே நிர்வாகத்திடம் போய்ச் சண்டை போட்டார்கள். இப்போது முன்வாசல் வழியாகத்தான். நேரம் எதுவானாலும் தகவல் சொல்கிறோம். நடுராத்திரியில் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து வரிசையாக நிற்பார்கள். போன முறை ஒருவருக்கு நிற்க முடியவில்லை. நாற்காலி கொண்டுவந்தேன், உட்கார மறுத்துவிட்டார். நான் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

மூத்தமகள்:
இரவுப்பணி அண்ணா சொன்னபடி மேசையை மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள். மூன்று வாரம் ஆகிறது. பாட்டு நேரத்துக்கு அம்மா இப்போது போவதில்லை, போகச் சொல்லி நானும் வற்புறுத்துவதில்லை. ஆனால் போன ஞாயிறு கிளம்பும்போது, வீட்டில் இருக்கும் தையல் டப்பாவைக் கொண்டு வா என்றார். புது மேசையில் இருப்பவரின் சட்டையில் இரண்டு பொத்தான் இல்லையாம், ஆறு நாளாக அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாராம். சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் சேர்த்த நாளிலிருந்து அம்மா என்னிடம் கேட்ட முதல் பொருள் அது.

பழையவீடு:
மகளே, கண்ணுக்கு நல்ல வெளிச்சம் வருகிற மாதிரி ஒரு விளக்கும் சேர்த்துக் கொண்டு போ. பொத்தான் ஓட்டை இந்த வயதில் தெரியாது.

நான் வீட்டை விட்டு வர மாட்டேன். கதவு நிலையை யாரும் பெயர்த்துக் கொண்டு வரவும் முடியாது. ஆனால் இரண்டாம்மாடி அம்மா முதலில் எழுதியதை வைத்து நேற்று ராத்திரி உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். நாளைக் காலையில் நான் கதவைத் திறக்கவில்லையென்றால் எத்தனை பேருக்குத் தெரியும் என்று.

இரண்டு பேர். அதில் ஒருவர் அடுத்த மாதம் வீடு மாறுகிறார்.