மூண்டாம் நாள் அறைக்குள்ள மான்: குடி, நடுக்கம், மூளை ஸ்கேன் (உங்கட அனுபவத்தையும் எழுதுங்கோ)

திருக்கடலூராள்:
அப்பா துறைமுகத்தில கிரேன் ஓட்டினவர். பென்ஷன் எடுத்த பிறகு நாளுக்கு அரைப் போத்தல் சாராயம். போன ஆடி அமாவாசைக்குக் கோணேசர் கோயில்ல கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணிப்போட்டு ஒரேயடியா நிப்பாட்டினார். அம்மா அண்டைக்குப் பாயாசம் காய்ச்சினவ.

அடுத்த நாள் காலமை தேத்தண்ணிக் கோப்பை சோசர்ல கடகடவெண்டு அடிச்சுது. மூண்டாம் நாள் இரவு, "பிள்ளை, அறைக்குள்ள மான் நிக்குது, கலைச்சு விடு" எண்டார். திருகோணமலைக்காரருக்கு விளங்கும், கோட்டை மான் ரோட்டுக்கு வாறது புதினமில்லை. அம்மா தும்புத்தடியோட கேற்றடிக்கு ஓடிட்டா. நான் அப்பாவைப் பாத்தன். சுவரைப் பாத்து வாழைப்பழத் தோலை நீட்டிக்கொண்டு இருந்தார். கையில தோலும் இல்லை, ஒண்டும் இல்லை.

ஒட்டோவில ஏத்தேக்க படியில விழுந்து தலை அடிபட்டுது. அதாலதான் சீ.டி. ஸ்கேன். இரத்தக்கசிவு இருக்கேல்லை. ஆனா டொக்டர், மூளை மடிப்புகளுக்கு நடுவில கறுப்பாக் கிடந்த இடைவெளியைக் காட்டினார். காய்ஞ்ச கொப்பறா சிரட்டையை விட்டுக் கழண்டு நிக்குமே, அதுமாதிரி. 63 வயசுக்கு இவ்வளவு சுருக்கம் கூட எண்டார். "இதில குடி எங்க டொக்டர் இருக்கு?" எண்டு அம்மா கேட்டா. "சுருங்கினது தெரியும் அம்மா. ஆசை இதில தெரியாது."

இப்ப ஏழு மாசம், தொடேல்லை. ஆசை தெரியிற ஸ்கேன் எண்டு ஒண்டு இருக்கோ? ஆரும் எடுத்தனீங்களோ?

கிண்ணியா எக்ஸ்ரே:
நான் ஸ்கேன் எடுக்கிற ஆள், வேலை வேற மாவட்டத்துல. தங்கச்சி, ஒங்கட அப்பா தப்பினது பெரிய விஷயம். கயிறிழுக்கிற போட்டிய நினைங்க. சாராயம் மூளைய அடங்குற பக்கம் இழுக்குது: மூளைய அமத்துற காபா எண்ட இரசாயனத்தின்ட வேலையக் கூட்டுது, உசுப்புற குளுட்டமேட்டத் தடுக்குது. மூளை வருஷக்கணக்கா எதிர்ப்பக்கம் காலை ஊண்டி இழுத்துப் பழகிடுது. இந்தப் பக்கம் திடீரெண்டு கயித்த விட்டா? 6 மணித்தியாலத்துல இருந்து 48க்குள்ள வலிப்பு வரலாம். 48க்கும் 96க்கும் இடையில மான், பூச்சி, காய்ச்சல், குழப்பம். இதுல மௌத்தாப் போனவங்களும் இருக்காங்க. சத்தியத்த எங்கயும் பண்ணுங்க, நிப்பாட்டுறத மட்டும் வார்ட்டுல, டயசிபாம் மாதிரி மூளைய அமத்துற மருந்தோட செய்யுங்க.

இன்னொண்டு. கண் ஒரு மாதிரி ஆடுது, நடை தள்ளாடுது, ஆள் குழம்பிட்டாரெண்டு ஒருத்தரக் கொண்டு வந்தாங்க. எம்.ஆர்.ஐ.ல தலமஸ் எண்ட மூளை நடுப்பகுதியின்ட உள்பக்கம் ரெண்டும் வெள்ளையா மின்னிச்சு. வேர்ணிக்கே எண்ட டொக்டர் 1881ல எழுதின வருத்தம், குடிக்கிறவங்களுக்கு வைட்டமின் பீ1 (தயமின்) கொறஞ்சு வாறது. சீ.டி.ல பெரும்பாலும் புடிபடாது. படம் வரும் வரைக்கும் காத்துக் கிடக்காம தயமின் ஊசி போடணும், குளுக்கோசுக்கு முந்தி, இல்லாட்டி கூடவே. "களைப்பாம்" எண்டு எங்கயோ வெறும் குளுக்கோஸ் சேலைன் ஏத்திட்டு வாறவங்களக் கண்டா எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

நடுங்குற ஆள எம்.ஆர்.ஐ. குழாய்க்குள்ள படுக்க வைக்க ஏலாது, தலை அசைஞ்சா படம் கலங்கிடும். ஆராய்ச்சிக்காரர் எடுக்கிறதும் கூடுதலா மருந்து குடுத்து ஆள் ஆறின பிறகுதான். மான் வந்த ராவுல மூளை எப்பிடி இருந்திச்செண்டு படம் புடிக்கிறது லேசில்ல.

மனையாவெளி மச்சான்:
நான் இப்ப ஜெர்மனி. குடியை விட்டு ரெண்டாம் மாசம் ஒரு ஆராய்ச்சிக்குப் படுத்தனான், தங்கச்சி கேட்ட ஆசை ஸ்கேன்தான். குழாய்க்குள்ள கண்ணுக்கு நேர ஒரு சின்னக் கண்ணாடி. அதில பீர், வைன், இடைக்கிடை கதிரை, பூச்சாடி. ஒவ்வொண்டுக்கும் எவ்வளவு குடிக்க மனம் வருதெண்டு பட்டனை அமத்த வேணும். மூளையில எந்த இடத்துக்கு ஒக்சிசன் இரத்தம் கூட ஓடுதெண்டு அவை பாக்கினம், 1990இல செய்ஜி ஒகாவா எண்ட ஆராய்ச்சிக்காரர் காட்டின வழி. குடிகாரரில கனபேருக்கு போத்தலைக் கண்ட உடன ஸ்ட்ரயேட்டம் எண்ட ஆழப் பகுதி துள்ளுமாம்.

எனக்குப் பீர் ஒண்டும் செய்யேல்லை. என்ர தலை பழகினது சாராயமும் பொரிச்ச சூடையும். வெளியில வந்து பஸ்ஸுக்கு நிக்கேக்க எங்கயோ மீன் பொரிக்கிற மணம். வாய் ஊறி, கால் தானா நடக்கப் பாத்துது. அதைப் படம் பிடிச்சிருந்தா விஷயம் வெளிச்சிருக்கும்! "என்ர மூளை எப்பிடி?" எண்டு கேட்டன். தனி ஆளுக்குச் சொல்லுறதில்லை, எல்லாரையும் சேத்துத்தான் கணக்கெண்டு சிரிச்சினம்.

திருக்கடலூராள்:
நன்றி மச்சான், நன்றி காக்கா. நானும் தேடி வாசிச்சன். நோரா வொல்கோ எண்ட டொக்டர், பெட் ஸ்கேனில, குடிச்சுப் பழகின ஆக்களின்ர மூளையில, ஆசையோட சம்பந்தப்பட்ட டோபமின் எண்ட இரசாயனத்தைப் பிடிக்கிற டீ2 ஏற்பிகள் குறைஞ்சு கிடக்கிறதைக் காட்டினவ. விட்டுக் கிழமைக்கணக்கான பிறகும் அது ஏறேல்லையாம். அந்த ஸ்கேனுக்கு ஊசியில ஏத்திற கதிர்வீசிற கார்பன்-11, 20 நிமிஷத்தில பாதியாப் போயிடும், பக்கத்திலயே செய்ய வேணும். எங்கட ஊருக்கு எட்டாத சங்கதி. வொல்கோ ரஷ்யப் புரட்சித் தலைவர் ட்ரொட்ஸ்கியின்ர கொள்ளுப் பேத்தி எண்ட உடன, அவரின்ர வழியில வந்த சமசமாஜக் கட்சியின்ர பழைய ஆளான அப்பா எழும்பி இருந்து கேட்டார்.

காக்கா, அந்த இடைவெளி குறைஞ்சிட்டுதோ எண்டு திரும்ப ஒரு சீ.டி. எடுத்துப் பாப்பமோ?

கிண்ணியா எக்ஸ்ரே:
தேவல்ல. சும்மா கதிர்வீச்சு. குடிக்காம மாசக்கணக்கா இருந்தா சுருங்கினதுல ஒரு பங்கு திரும்ப வாறதுதான், முழுசா இல்ல. வாப்பா கோப்பை எப்பிடிப் புடிக்கிறார்?

திருக்கடலூராள்:
ஒரு கையால. ஆனா மான் கதையைக் கேட்டா, "அது வந்ததுதான், நீங்கள்தான் கலைச்சுப் போட்டியள்" எண்டுறார்.