ஹால் ரேடியேட்டர் மட்டும் சூடாகவில்லை, உதவி தேவை

ஹாரோவாசி:
வணக்கம். லண்டன் ஹாரோவில் 1930களில் கட்டிய வீடு, வீட்டைச் சூடாக்கும் தண்ணீரையும் குழாய் வெந்நீரையும் ஒரே பெட்டியில் காய்ச்சும் காம்பி பாய்லர். மாடியில் அந்தத் தண்ணீர் ஓடும் ரேடியேட்டர் எல்லாம் கை வைக்க முடியாத சூடு. கீழே ஹாலில் இருப்பது மட்டும் லேசான வெதுவெதுப்பு. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா பகல் முழுக்க அங்கேதான் உட்காருகிறார், அதனால்தான் அவசரம். உள்ளே அடைந்த காற்றை எடுத்துப் பார்த்தேன், உடனே தண்ணீர்தான் வந்தது. பார்க்க வந்த ஒருவர் பாய்லரையே மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

லெஸ்டர்காரன்:
மாடி அவ்வளவு சுடுகிறது என்றால் பாய்லர் வேலை செய்கிறது தம்பி, அதில் காசைப் போடாதீர்கள். ரேடியேட்டர் மேல்பக்கம் மட்டும் ஜில்லென்று இருந்தால் காற்று. அடிப்பக்கம் நடுவில் என்றால் கறுப்புச் சேறு, உள்ளே இரும்பு அரித்துப் படிவது. இரண்டு பக்கக் குழாயையும் தொட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஹாரோவாசி:
எண் போட்ட திருகு இருக்கும் பக்கம் குழாய் சுடுகிறது, மறுபக்கம் ஜில். திருகு 5-ல்தான் இருக்கிறது அண்ணா.

வாட்ஃபோர்டு பிளம்பர்:
அந்தத் திருகின் கீழுள்ள வால்வில் ஊசி ஒட்டியிருக்கும். கோடை முழுக்க மூடியே கிடந்தால் இது சகஜம். திருகுக்கு அடியிலுள்ள வளையத்தைக் கையால் தளர்த்தினால் தலை கழன்று வரும், தண்ணீர் வராது. நடுவில் சின்ன ஊசி தெரியும். ஸ்பேனரின் தட்டைப் பக்கத்தால் அமுக்கினால் உள்ளே போய்த் தானாக மேலே எழ வேண்டும். எழாவிட்டால் வால்வைப் பக்கவாட்டில் மெல்லத் தட்டுங்கள். குறடால் பிடித்து இழுக்கவே கூடாது. ஊசி கையோடு வந்தால் கார்ப்பெட் முழுக்கக் கறுப்புத் தண்ணீர்தான்.

ஹாரோவாசி:
உள்ளே போய் நின்றிருந்தது! தட்டியதும் எழுந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபக்கக் குழாயும் சூடேறிவிட்டது. மிக்க நன்றி. ஆனாலும் மாடியைவிட மந்தம்தான். பாய்லர் மீட்டரில் அழுத்தம் 0.6 பார் காட்டுகிறது.

லெஸ்டர்காரன்:
காற்று எடுத்தபோது இறங்கியிருக்கும். பாய்லர் ஆறியபின் நிரப்புக் குழாயைத் திறந்து 1 முதல் 1.5 பாருக்குள் ஏற்றி மூடுங்கள். பிறகு மாடி ரேடியேட்டர்களின் மறுமுனையில், பிளாஸ்டிக் மூடிக்குள், தண்ணீர் ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் லாக்‌ஷீல்டு வால்வு இருக்கும். அதைக் கால் சுற்று இறுக்குங்கள். தண்ணீர் சுலபமான வழியில்தான் ஓடும், அங்கே கொஞ்சம் மறித்தால் ஹாலுக்கு வரும். ஹால் வால்வு முழுக்கத் திறந்தே இருக்கட்டும். அரை மணி விட்டுத் தொட்டுப் பார்த்து, போதாவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கலாம்.

வாட்ஃபோர்டு பிளம்பர்:
பாய்லர் மூடியை மட்டும் கழற்றாதீர்கள், அது கேஸ் சேஃப் (பிரிட்டனில் எரிவாயு வேலை செய்பவர்களுக்கான பதிவேடு) பதிவு உள்ளவர் வேலை. அழுத்தம் சில நாளிலேயே மறுபடி இறங்கினால் இங்கே எழுதுங்கள், கசிவு எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.