மண்டபம் உப்புக்காற்றில் புத்தகம், ஓவியம்: உதவி தேவை

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் கடலோரம் இருக்கும் படிப்பகம் ஒன்றுக்கு யோசனை வேண்டும். சுமார் 300 புத்தகங்கள், சுவரில் நான்கு நீர்வண்ண ஓவியங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அறையின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுகிறது. 65-க்கு மேல் நாள்கணக்கில் நின்றாலே பூஞ்சை பிடித்துவிடும்.

அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போட்டாயிற்று. பழைய சிற்றிதழ்களில் ஸ்டேப்ளர் பின் துருவேறித் தாளை அரிப்பதால், அதைக் கழற்றிப் பருத்தி நூலால் தைத்தாயிற்று. மூடிய பெட்டிகளில் ஈரம் உறிஞ்சும் ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் மணிகள். ஈரம் குடித்துப் பச்சை நிறமானதும் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி உதவும். வேப்பிலையை மட்டும் சொல்லாதீர்கள், பச்சையாக வைத்தால் அதுவே ஈரம்.

சிக்கல் ஓவியங்களில்தான். படம் கண்ணாடியைத் தொட்டபடி இருப்பதால் உள்ளே வியர்த்து, ஒன்று ஒட்டிக்கொண்டது. இடையில் 3 மி.மீ. இடைவெளி தரும் அமிலமற்ற மவுண்ட் அட்டை ராமநாதபுரத்திலோ மதுரையிலோ எங்கே கிடைக்கும்? பின்பக்கத்துக்கு இப்போது ஹார்டுபோர்டு. ஈரம் குடித்து வளைகிறது. அதற்குப் பதில் எது தாங்கும்? ஒட்டிய படத்தைப் பிரிக்கத் தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இழுத்தால் வண்ணம் கண்ணாடியோடு போய்விடும் என்பதால் யாரும் கைவைக்கவில்லை.