போடுவதா, விடுவதா? போக்கர் மேசையில் முடிவெடுத்த தருணங்கள்

பிரிக்பீல்ட்ஸ் உறுப்பினர்:

வணக்கம். போக்கர் போட்டியில் கையிலுள்ள சீட்டை விட்டுவிடுவதா, சில்லுகளையெல்லாம் நடுவில் தள்ளுவதா என்று முடிவெடுக்க நேர்ந்த தருணங்களை உறுப்பினர்கள் இங்கே பகிர்ந்துகொள்ள வேண்டுகிறேன். வென்றதா தோற்றதா என்பதைவிட, அப்போது உங்கள் முன் எவ்வளவு சில்லு இருந்தது, பிளைண்டு (சீட்டு பிரிக்கும் முன்பே டீலருக்கு அடுத்த இருவர் கட்டாயமாக வைக்கும் சின்ன, பெரிய பந்தயங்கள்) எவ்வளவு, எதிரே இருந்தவர் எப்படிப்பட்டவர் என்ற விவரங்கள்தாம் படிப்பவர்களுக்குப் பயன்படும்.

முதலில் எங்கள் குழுவைப் பற்றிச் சிறிது சொல்கிறேன். துன் சம்பந்தன் சாலைக்குப் பின்புறம் உள்ள ஓர் அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில் கூடுகிறோம். பொதுச் சூதாட்ட மனைகள் சட்டம் 1953 முதல் நடப்பில் உள்ள நாடு மலேசியா. உரிமம் பெற்ற சூதாட்டக் கூடமோ கெந்திங் மலையில்தான் இருக்கிறது. ஆகவே எங்கள் மேசையில் பணத்துக்கு இடமில்லை. ஆண்டு முடிவில் தரும் ஒரு சுழற்கிண்ணத்துக்காகப் புள்ளிகள் சேர்க்கிறோம்: முதலிடத்துக்கு 10, இரண்டாம் இடத்துக்கு 6, மூன்றாம் இடத்துக்கு 4. இந்தப் புள்ளி முறை வருவதற்கு முன்பு எங்கள் மேசையில் எவருமே சீட்டை விடமாட்டார்கள். இழப்பதற்கு ஒன்றுமில்லை என்றால் எவரையும் மிரட்டி விலகவைக்க முடியாது. மிரட்ட முடியாத மேசையில் போக்கரில் பாதிதான் மிஞ்சும்.

நான் கண்ட ஒரு கை (ஒருமுறை சீட்டு பிரித்து ஆடுவது). பிளைண்டு 500, 1,000. பெரிய பிளைண்டில் இருப்பவர் எல்லாருக்குமாகச் சேர்த்து 1,000 ஆன்டி (ஒவ்வொரு கையிலும் கட்டாயமாக வைக்கும் கூடுதல் பந்தயம்) வைக்கிறார். டீலர் இடத்தில் (பிளைண்டு வைத்த இருவருக்கும் சற்று முன்னால் முடிவெடுக்கும் இடம்) இருந்த தம்பியிடம் 9,000 சில்லுகள் இருந்தன. ராஜாவும் பத்தும் வந்ததும் அவர் 3,000 வைத்தார். அவரைவிட அதிகச் சில்லு வைத்திருந்த சின்ன பிளைண்டு ஆட்டக்காரர் ஆல்-இன் (எல்லாச் சில்லுகளையும் வைக்கிறேன்) என்றார்; பெரிய பிளைண்டில் இருந்தவர் விலகினார். தம்பி நெடுநேரம் யோசித்துவிட்டுச் சீட்டைக் கவிழ்த்தார்.

கணக்கைப் பாருங்கள். தம்பியின் 3,000, எதிராளியிடமிருந்து அவரை ஈடுகட்டும் 9,000, பெரிய பிளைண்டும் ஆன்டியுமாக 2,000 என நடுவில் 14,000 கிடக்கிறது. அவர் இன்னும் 6,000 வைத்தால் மொத்தம் 20,000 ஆகும். பத்தில் மூன்று முறை வென்றாலே அவருக்கு நட்டமில்லை. எதிராளியிடம் ஏஸும் ஏழும் இருந்தால்கூட ராஜா-பத்துக்கு ஏறத்தாழ 40 விழுக்காடு வாய்ப்புண்டு. பெரிய ஜோடியோ, ஏஸ்-ராஜா, ராஜா-ராணி போல ஒரு சீட்டு ஒத்திருந்து மற்றது உயர்ந்த கையோ இருந்தால்தான் அது 30-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ சரியும். ஆகவே அந்த இடத்தில் சீட்டை விட்டது தவறு என்று சொல்வது எளிது. ஆனால் உண்மையான தவறு அதற்கு முன்பே, 3,000 வைத்தபோதே நடந்துவிட்டது என்பது என் கருத்து. சில்லுகளில் மூன்றில் ஒரு பங்கை வைத்துவிட்டு விலகும் உரிமையையும் தக்கவைத்துக்கொள்ள நினைப்பது ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்பதுதான். ஒன்பது பெரிய பிளைண்டு மட்டுமே இருப்பவர் தொடக்கத்திலேயே விலக வேண்டும். இல்லையென்றால் தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் தள்ள வேண்டும். எதிராளி என்ன செய்வார் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்ற வசதி, 30 பெரிய பிளைண்டாவது வைத்திருப்பவருக்கே உரியது.


ஆயர் ஈத்தாம் (பினாங்கு) உறுப்பினர்:

நான் கணக்காய்வுத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். எனவே எண்கள் சற்று மிகுதியாக வந்தால் பொறுத்தருள்க.

பிரிக்பீல்ட்ஸ் தம்பி சொன்னதோடு உடன்படுகிறேன். பெரிய பிளைண்டை மட்டும் வைத்து அளப்பதைவிட, ஒரு சுற்று முழுவதும் சும்மா உட்கார்ந்திருக்க எவ்வளவு செலவாகும் என்று அளப்பது எனக்குப் பிடித்த முறை. 1995-இல் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை வென்ற டான் ஹாரிங்டன் இதைப் பரப்பினார். பேக்கமன் வல்லுநர் பால் மாக்ரியலின் பெயரை ஒட்டி இதற்கு 'எம்' என்று பெயர். மேலே சொன்ன ஆட்டத்தில் ஒரு சுற்றின் செலவு 2,500. அந்த 9,000-ஐ இதனால் வகுத்தால் 3.6 கிடைக்கும். அதாவது நான்கு சுற்றுகூடத் தாங்காத நிலை. எம் ஐந்துக்குக் கீழே வந்துவிட்டால் தள்ளுவது, விலகுவது என்ற இரண்டைத் தவிர வேறெதுவும் மிஞ்சுவதில்லை.

அந்த நிலையிலும் நல்ல சீட்டுக்காகக் காத்திருப்பவர்களை எங்கள் பினாங்கு நண்பர்களிடையே அடிக்கடி காண்கிறேன். அவர்கள் வாயில் எப்போதும் ஜாக் ஸ்ட்ராஸ் கதைதான். 1982-இல் அதே முதன்மைப் போட்டியில் ஒரே ஒரு சில்லு மிஞ்சிய நிலையிலிருந்து மீண்டு வந்து அவர் பட்டம் வென்றது உண்மைதான். ஆனால் அந்த ஒற்றைச் சில்லை அவர் காத்திருந்து பெருக்கவில்லை. அதைத் திரும்பத் திரும்பப் பணயம் வைத்துத்தான் பெருக்கினார். பொறுமைக்கு உதாரணமாக அந்தக் கதையைச் சொல்பவர்கள் அதைத் தலைகீழாகப் படித்திருக்கிறார்கள்.

தள்ளுபவருக்கும் ஈடுகொடுப்பவருக்கும் (விலகாமல் அதே அளவு சில்லு வைத்து எதிர்ப்பவர்) உள்ள வேறுபாடு இன்னும் முக்கியமானது. நான் முதலில் தள்ளினால் எனக்கு இரண்டு வழிகளில் வெற்றி உண்டு: எல்லாரும் விலகலாம், யாரேனும் விலகாவிட்டாலும் என் சீட்டு வெல்லலாம். பிறர் தள்ளியதற்கு நான் ஈடுகொடுத்தாலோ சீட்டு வென்றால் மட்டுமே வெற்றி. ஆகவே தள்ளுவதற்குப் போதுமான சீட்டு ஈடுகொடுப்பதற்குப் போதாது. போக்கர் நூலாசிரியர் டேவிட் ஸ்க்லான்ஸ்கி இதைத்தான் 'இடைவெளி' என்று விளக்கினார். ஏஸும் எட்டும் கையில் வந்தால் டீலர் இடத்திலிருந்து பத்து பெரிய பிளைண்டைத் தயங்காமல் தள்ளுவேன். முதலில் முடிவெடுக்கும் இடத்தில் அமர்ந்திருக்கும் அமைதியான ஆட்டக்காரர் தள்ளினால் அதே சீட்டைத் தயங்காமல் விட்டுவிடுவேன்.


பெட்டாலிங் ஜெயா உறுப்பினர்:

ஐயா சொன்ன இடைவெளி எவ்வளவு பெரியதாகக்கூடும் என்பதற்கு என் அனுபவம் ஒன்று. மணிலாவில் ஒரு தகுதிச்சுற்றில் கலந்துகொண்டேன். அதில் முதல் நான்கு பேருக்கும் பெரிய போட்டிக்கான அதே இடம்தான் பரிசு. முதலாவதாக வந்தாலும் நான்காவதாக வந்தாலும் ஒன்றுதான். ஐந்து பேர் மிஞ்சியிருந்தோம். பிளைண்டு 1,000, 2,000. பெரிய பிளைண்டை வைத்த பிறகு என்னிடம் ஏறத்தாழ 40,000 இருந்தது. எனக்கு இடப்பக்கம் இருந்தவரிடம் வெறும் 1,500. அடுத்த கையில் பெரிய பிளைண்டு அவருடையது, அது முழுதாகக் கொடுக்கவும் அவரிடம் சில்லு இல்லை. அவர் இந்தக் கையில் விலகிவிட்டார். எங்கள் எல்லாரையும்விட மிகுந்த சில்லு வைத்திருந்தவர் டீலர் இடத்திலிருந்து ஆல்-இன் என்றார். நான் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு ஏஸ்.

விட்டுவிட்டேன்.

என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த தோழி அன்று இரவு உணவு முடியும்வரை என்னைக் கடிந்துகொண்டார். அவருக்கு நான் சொன்ன விளக்கம் இதுதான். எதிராளி சீட்டையே பார்க்காமல் தள்ளியிருந்தாலும் இரு ஏஸ்களுக்கு 85 விழுக்காடுதான் வாய்ப்பு. மீதி 15-இல் நான் வெறுங்கையோடு எழுந்திருப்பேன். வென்றால் 80,000-க்கு மேல் சில்லு கிடைக்கும். ஆனால் 80,000 வைத்திருப்பவருக்கும் 40,000 வைத்திருப்பவருக்கும் அங்கே கிடைப்பது அதே ஓர் இடம்தான். விட்டால் அடுத்த கையில் 1,500 வைத்திருப்பவர் விருப்பமில்லாமலேயே ஆல்-இன் ஆகிறார். அவர் அதில் தப்பினாலும் ஓரிரு சுற்றுகளில் மறுபடி அதே நிலைக்கு வருவார். நான் வெளியேறும் வாய்ப்பு 15 விழுக்காட்டைவிட மிகச் சிறியது. உலகின் மிகச் சிறந்த கையை விடுவதில் எந்த வீரமும் இல்லை. சில்லுக்குப் பயன் தீர்ந்துபோன இடத்தில் மேலும் சில்லு சேர்க்க உயிரைப் பணயம் வைக்க நான் விரும்பவில்லை, அவ்வளவுதான்.

இது தகுதிச்சுற்றுக்கு மட்டுமே பொருந்தும் என்பதை இளையவர்கள் மறக்க வேண்டாம். சாதாரணப் போட்டியின் முதல் மணி நேரத்தில் இரண்டு ஏஸை விடுபவரைப் பற்றி என் தோழி சொல்வதெல்லாம் சரி.


ஆயர் ஈத்தாம் உறுப்பினர்:

பெட்டாலிங் ஜெயா தங்கை சொன்னது எல்லை நிலை. சாதாரணப் போட்டியிலும் அதே விதி மெலிதாக வேலை செய்கிறது என்பதைப் பிரிக்பீல்ட்ஸ் குழுவின் புள்ளிகளைக் கொண்டே காட்டுகிறேன். மூவர் மிஞ்சியுள்ளனர், சில்லுகள் 50,000, 30,000, 20,000 என்று வைத்துக்கொள்வோம். முதலிடம் பெறும் வாய்ப்பு சில்லு அளவுக்கேற்ப அமையும் என்றும், ஒருவர் முதலிடம் பெற்றபின் மீதி இருவருக்குள் இரண்டாம் இடமும் அப்படியே அமையும் என்றும் கொண்டால், அவர்களுடைய இப்போதைய மதிப்பு முறையே 7.68, 6.55, 5.77 புள்ளிகள். பாதிச் சில்லுகளை வைத்திருப்பவருக்கு 20 புள்ளிகளில் பாதி இல்லை. ஐந்தில் ஒரு பங்கு வைத்திருப்பவருக்கோ தம் பங்கைவிட அதிகம்.

இப்போது 50,000 வைத்திருக்கும் பெரியவர் ஆல்-இன் என்கிறார். 30,000 வைத்திருப்பவரிடம் ஏஸும் எட்டும். பிளைண்டுகளை ஒதுக்கிவிட்டுப் பார்ப்போம். அவர் விலகினால் மதிப்பு 6.55. ஈடுகொடுத்துத் தோற்றால் மூன்றாம் இடம், 4 புள்ளி. வென்றால் சில்லு 60,000 ஆகும். மற்ற இருவரிடமும் ஆளுக்கு 20,000. அவருடைய மதிப்பு 8.2. நான்கிலிருந்து 8.2 வரை உள்ள அந்த இடைவெளியில் 6.55-ஐத் தொட 61 விழுக்காடு வெற்றி வாய்ப்பு வேண்டும். சில்லுகளை மட்டும் எண்ணினால் 50 போதும் என்றிருக்கும். ஏஸ்-எட்டு, எந்த இரண்டு சீட்டையும் எதிர்த்து ஏறத்தாழ 60 விழுக்காடுதான் வெல்லும். எதிராளி குப்பைச் சீட்டுகளைத் தள்ளாதவர் என்றால் அதற்கும் கீழே போகும். விட வேண்டிய கை அது.

இதன் மறுபக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. எதிரே இருப்பவருக்கு 61 வேண்டும் என்று தெரிந்த பெரியவர், அந்த 30,000-க்காரரை நோக்கி எந்தச் சீட்டோடும் தள்ளலாம். சிறிய சில்லுக்காரர் ஒருவர் மேசையில் இருக்கும்வரை நடுவில் இருப்பவரின் கைகள் கட்டப்பட்டிருக்கும். மேசையில் மிகப் பாவப்பட்டவர் கடைசியில் இருப்பவர் என்று நினைக்கிறோம். உண்மையில் இரண்டாம் நிலையில் இருப்பவரே மிக இறுக்கமான இடத்தில் இருக்கிறார்.


செந்தூல் உறுப்பினர்:

ஐயாவின் கணக்கு அருமை. எனக்கு ஓர் ஐயம். எங்கள் மேசையில் சிலர் ஆல்-இன் என்றால் அஞ்சுவதே இல்லை. 61 விழுக்காடு தேவை என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் "இவ்வளவு தூரம் வந்துவிட்டு விடுவதா" என்று ஈடுகொடுத்துவிடுவார்கள். அப்படிப்பட்டவர் மீது எந்தச் சீட்டோடும் தள்ளினால் நமக்குத்தானே ஆபத்து? கணக்கு எதிராளிக்கும் தெரிந்திருந்தால்தான் அந்த மிரட்டல் பலிக்கும் என்று நினைக்கிறேன்.


பிரிக்பீல்ட்ஸ் உறுப்பினர்:

தம்பி கேட்டது சரியான கேள்வி. ஈடுகொடுப்பவர் தவறு செய்தாலும், அந்தத் தவறால் தள்ளியவரும் சேர்ந்தே இழக்கிறார். விளிம்பில் நின்று வேடிக்கை பார்க்கும் மூன்றாமவர்தான் ஆதாயம் பெறுகிறார். எனவே எதையும் விடாதவர் என்று பெயரெடுத்த ஒருவரைப் பார்த்து நான் நல்ல சீட்டோடுதான் தள்ளுவேன். யோசிப்பவர், நேரம் எடுப்பவர், தம் சில்லுகளை எண்ணிப் பார்ப்பவர் ஆகியோரை நோக்கித்தான் வெறுஞ்சீட்டு போகும். எங்கள் குழுவில் புள்ளி முறை வந்தபின் இந்த இரண்டாம் வகையினர் பெருகினார்கள். ஆட்டமும் அதனால்தான் மேம்பட்டது.

மிரட்டிய கைகளில் எல்லாரும் அறிந்தது 2003-ஆம் ஆண்டு முதன்மைப் போட்டியில் நடந்தது. 839 பேரில் கிறிஸ் மணிமேக்கரும் சாமி ஃபர்ஹாவும் மட்டும் மிஞ்சியிருந்தார்கள். மேசையில் இருவருக்கும் பொதுவாகத் திறந்த ஐந்து சீட்டுகள்: ஒன்பது, இரண்டு, ஆறு, எட்டு, மூன்று. ஃபர்ஹாவிடம் ராணியும் ஒன்பதும்; மேசையின் மிக உயர்ந்த சீட்டோடு ஜோடி. மணிமேக்கரிடம் ராஜாவும் ஏழும். ஐந்து இஸ்பேட் சேர்வதும் ஐந்து எண்கள் வரிசையாக அமைவதும் இரண்டுமே கூடாமல் போன வெறுங்கை. கடைசிச் சீட்டு விழுந்ததும் அவர் ஆல்-இன் என்றார். ஃபர்ஹா நெடுநேரம் யோசித்து விட்டுவிட்டார். எதிராளி யோசிப்பவர் என்பதால்தான் அந்த மிரட்டல் பலித்தது. செந்தூல் தம்பி சொல்லும் ஆட்களில் ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தால் பட்டம் கைமாறியிருக்கக்கூடும்.

ஆனால் ஐயாவின் 61 விழுக்காட்டு விதியை அந்தக் கையோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது. இருவர் மட்டும் மிஞ்சிய பிறகு இரண்டாம் பரிசு இருவருக்கும் உறுதியாகிவிடுகிறது. எங்கள் மேசையிலும் அப்போது 6 புள்ளி ஆளுக்கு உண்டு. மீதி 4 புள்ளிக்காகத்தான் போராட்டம். அங்கே ஒவ்வொரு சில்லுக்கும் ஒரே மதிப்பு. நடுவில் கிடப்பதையும் நாம் வைக்க வேண்டியதையும் மட்டும் வகுத்துப் பார்த்து முடிவெடுக்கலாம்; மூவர் இருந்தபோது விட்ட ஏஸ்-எட்டை இருவர் இருக்கும்போது நான் விடமாட்டேன்.