நியூசிலாந்தில் மான் வேட்டை – சிங்கப்பூரிலிருந்து என்ன வாங்கிக்கொண்டு போவது?

யீஷூன்வாசி:
வணக்கம். மனைவியின் அண்ணன் கிரைஸ்ட்சர்ச்சில் இருக்கிறார், அங்கே துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர். ஏப்ரல் முதல் வாரம் தென் தீவு மலையில் நான்கு நாள் செம்மான் வேட்டைக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார். துப்பாக்கி அவருடையது, அவர் பக்கத்திலேயே இருக்கும்போதுதான் நான் சுடுவேன், அதனால் அதைப் பற்றிக் கேள்வி இல்லை. மற்றதெல்லாம் என் பொறுப்பு, கையில் 800 வெள்ளி இருக்கிறது. நல்ல பைனாகுலர் வாங்கவா, இல்லை இலை போட்ட வேட்டை உடை ஒரு செட் எடுக்கவா? ஐந்து வருடத்துக்கு முன் நேப்பாளம் போக வாங்கிய பூட்ஸ் ஸ்டோர் ரூமில் பெட்டியோடு இருக்கிறது, அது போதும்தானே? கடைசியாகச் சுட்டது ரிசர்விஸ்ட் ராணுவப் பயிற்சியில், சார் 21 துப்பாக்கி வைத்து. மிருகத்தை இதுவரை சுட்டதில்லை. குறி தப்பி அது காயத்தோடு ஓடிப் போய்விடக்கூடாது என்பதுதான் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

மலைக்காற்று:
தம்பி, பைனாகுலர் இருக்கட்டும், முதலில் அந்தப் பெட்டியைத் திறந்து பூட்ஸை வெளியே எடுங்கள். தோலுக்கும் அடி ரப்பருக்கும் நடுவில் இருக்கும் பகுதியைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்திப் பாருங்கள். அது பாலியூரித்தேன், நம் ஊர் ஈரக்காற்றில் சும்மா வைத்திருந்தாலே உள்ளுக்குள் இற்றுப்போகும், போடாத பூட்ஸ்தான் இன்னும் சீக்கிரம் போகிறது. வெளியே பார்த்தால் புதுசு போலவே இருக்கும். என்னுடையது இரண்டாம் நாள் ஆற்றுக் கல்லில் கால் வைத்தபோது வெல்லக்கட்டி மாதிரி உதிர்ந்து, அடி தனியாக வாயைப் பிளந்துகொண்டது. கூடாரக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஐந்து மணி நேரம் நடந்து குடிலுக்குத் திரும்பினோம், அந்தப் பயணத்தில் அதற்குப் பிறகு நான் மலை ஏறவே இல்லை.

அதனால் பணத்தில் பாதியைப் பூட்ஸுக்கு ஒதுக்குங்கள். கணுக்காலுக்கு மேலே வரும் தோல் பூட்ஸ், விரல் முன்னால் இடிக்காத அளவு. இன்றைக்கே வாங்கி, தடித்த கம்பளி சாக்ஸோடு, முதுகில் 10 கிலோ அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு புளோக் படிக்கட்டில் ஏறி இறங்குங்கள். இறங்குவதுதான் முக்கியம், முட்டியும் கால் விரலும் அங்கேதான் வலிக்க ஆரம்பிக்கும். நம் ஊர் புக்கிட் தீமா மலை உச்சியே 163 மீட்டர்தான், அங்கே ஒரே காலையில் 600 மீட்டர் ஏறச் சொல்வார்கள்.

இலை போட்ட உடை வேண்டாம். மான் அசைவையும் வாசனையையும் வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கிறது. ஆரஞ்சு நிறம் அதன் கண்ணுக்கு மங்கல், ஆனால் நீலம் பளிச்சென்று தெரியும், ஆகவே ஜீன்ஸ் கூடவே கூடாது. ஜீன்ஸ் மட்டுமில்லை, பருத்தியே வேண்டாம், நனைந்தால் உடம்புச் சூட்டை எல்லாம் உறிஞ்சிவிடும். உள்ளே மெரினோ கம்பளி, மேலே ஃபிலீஸ், நல்ல மழைச் சட்டை, போதும். அப்புறம் ஒரு சின்ன டப்பாவில் முகப் பவுடர் எடுத்துக்கொள்ளுங்கள். அமுக்கினால் தூள் போகும் பக்கம்தான் காற்று, அது மானின் பக்கம் போனால் சுற்றி வளைத்துத்தான் போக வேண்டும்.

பைனாகுலர் 8x42 எடுங்கள், அதாவது 8 மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர். 10 மடங்கு என்றால் கை நடுக்கமும் 10 மடங்கு தெரியும், பழகாதவருக்குக் கஷ்டம். மான் வெளியே வருவது விடியலிலும் அந்தியிலும்தான், அந்த வெளிச்சத்தில் 42 மில்லிமீட்டர் கண்ணாடியின் அருமை புரியும். உட்கார்ந்து, முழங்கையை முட்டியில் ஊன்றி, எதிர்ச் சரிவைத் துண்டு துண்டாகப் பாருங்கள். முழு மானைத் தேடாதீர்கள். புதருக்குள் ஒரு காது அசையும், நிமிர்ந்த மரங்களுக்கு நடுவில் படுக்கை வாட்டில் ஒரு முதுகுக் கோடு தெரியும். ஊருக்கு வந்ததும் ஈரம் புகாத டிரை பாக்ஸில் வைத்துவிடுங்கள், இல்லையென்றால் லென்ஸில் பூஞ்சை வந்துவிடும்.

தேக்கா_செல்வி:
அண்ணன் சொன்ன பூட்ஸ் விஷயத்தோடு இன்னொன்று. படிக்கட்டில் பழகிய பூட்ஸை அப்படியே பெட்டியில் போட்டுவிடாதீர்கள். அடிப் பள்ளங்களில் ஒட்டியிருக்கும் மண்ணைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுத்துக் கழுவிக் காயவையுங்கள். நியூசிலாந்து விமான நிலையத்தில் வெளியிடங்களில் பயன்படுத்திய பொருள், சாப்பாடு எல்லாவற்றையும் எழுதிக் காட்ட வேண்டும், முறுக்கு, ஊறுகாய் உட்பட. மறைத்தால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். சொன்னால் அபராதம் இல்லை, பார்த்துவிட்டு விடலாமா வேண்டாமா என்று அவர்களே முடிவு செய்வார்கள்.

கத்தி, கேஸ் அடுப்பு எதையும் இங்கே வாங்க வேண்டாம், உங்கள் மச்சானிடம் இருக்கும். இறைச்சிக்கு மெல்லிய துணிப்பை நாலைந்து வேண்டும். பிளாஸ்டிக் பையில் சூடான இறைச்சியைக் கட்டினால் வேர்த்துக் கெட்டுவிடும், துணிப்பையில் காற்றோட்டமாகத் தொங்கவிட்டால் ஈயும் அண்டாது. முதுகுப்பை இடுப்புப் பட்டையோடு இருக்கட்டும். போன தடவை ஒரே ஆண் செம்மானின் இறைச்சியை, எலும்பை எடுத்த பிறகும், நாங்கள் இரண்டு பேர் ஆளுக்கு 20 கிலோவுக்கு மேல் சுமந்தோம். சுட்டதை அழுகவிடாமல் கொண்டுவருவதும் வேட்டையில் சேர்த்திதான்.

குறி_100மீ:
யாரும் சுடுவதைப் பற்றிச் சொல்லவில்லையே. சார் 21-இல் உள்ள 1.5 மடங்கு கண்ணாடியோடு கண்ணை ஒட்டிப் பழகியிருப்பீர்கள், ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஏற்றும் போல்ட் துப்பாக்கியில் அப்படி வைத்தால் பின்னுதைப்பில் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும். ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். நம் 5.56 தோட்டாவைவிட அங்கே புழங்கும் 308, 7எம்எம்-08 எல்லாம் தோளில் நன்றாகவே இடிக்கும். மலைக்குப் போகும் முன் ஒரு நாள் அவருடைய துப்பாக்கியில் 20 தோட்டாவாவது சுட்டுப் பழகக் கேளுங்கள், காதுக்குப் பாதுகாப்போடு.

உங்கள் மனதில் ஓடுவதற்கு விடை இதுதான்: மான் பக்கவாட்டில் நிற்கும்வரை பொறுங்கள். முன்காலின் பின் ஓரத்தோடு மேலே போய், உடலின் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறி. பையின் மேல் துப்பாக்கியைத் தாங்கவைத்து, 150 மீட்டருக்கு மேல் என்றால் விட்டுவிடுங்கள். சுட்டதும் அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருங்கள்.

இன்னும் ஒன்று, ஏப்ரல் செம்மான் கத்தும் பருவம். ஆட்களும் மான் மாதிரி கத்தி அதைக் கூப்பிடுவார்கள். குரலையும் புதர் அசைவையும் நம்பிச் சுட்டு மனிதர்களே இறந்திருக்கிறார்கள். முழு உருவமும் பைனாகுலரில் தெரிந்த பிறகுதான் ஸ்கோப். ஆளைத் தேட ஸ்கோப்பைத் தூக்கவே கூடாது. பளிச்சென்ற ஆரஞ்சு தொப்பி ஒன்று கட்டாயம்.

யீஷூன்வாசி:
எல்லாருக்கும் நன்றி. பூட்ஸை அழுத்தினேன், வலது கால் குதியில் விரல் உள்ளே போய்விட்டது, கருப்புத் தூளாகக் கொட்டுகிறது. சனிக்கிழமை புதுசு வாங்கப் போகிறேன். மலையில் ஃபோன் எடுக்காது என்கிறார் மச்சான், அதற்கு ஏதாவது வாங்க வேண்டுமா?

மலைக்காற்று:
வாங்க வேண்டாம், செயற்கைக்கோளுக்கு அபாய சமிக்ஞை அனுப்பும் கருவியை அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். பையில் போடாமல் உடம்பில் மாட்டிக்கொள்ளுங்கள், ஆற்றில் பை போனாலும் அது இருக்க வேண்டும்.

குறி_100மீ:
திரும்பும் முன் எல்லாப் பாக்கெட்டையும், பையின் மடிப்பையும் கொட்டிப் பாருங்கள். சுடும் தளத்தை விட்டு வரும்போது தோட்டாவோ வெற்று உறையோ என்னிடம் இல்லை என்று சொல்லிவிட்டு வருவோமே, அதே மாதிரி. நினைவுக்கு என்று ஒரு வெற்று உறையைக்கூட சாங்கிக்குக் கொண்டுவராதீர்கள்.