பெருங்காயத்தில் கோதுமை இருக்கிறதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள்

பிடோக் மல்லிகா | இரவு 9:14

நேற்று சமையல் இழையில் ஈசூன் சித்தப்பு எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. "குளூட்டன் என்கிற கோதுமைப் புரதத்துக்கு ஒவ்வாமை வெள்ளைக்காரன் வியாதி. சோறு தின்கிற தமிழனுக்கு வராது. கையில் காசு மிஞ்சினால் வருகிற நோய்." இதற்கு 32 பேர் விருப்பம் வேறு போட்டிருக்கிறார்கள்.

சித்தப்பு, எனக்கு 11 வருடமாக வயிறு சரியில்லை. காலையில் இரண்டு பரோட்டா சாப்பிட்டு எம்ஆர்டி ரயில் ஏறினால் பாய லேபார் வருவதற்குள் வயிறு குடம் மாதிரி உப்பிவிடும். எந்த நிலையத்தில் கழிப்பறை எந்தப் பக்கம் என்று எனக்கு மனப்பாடம். முதலில் காஸ்ட்ரிக் என்றார்கள், அப்புறம் மன அழுத்தம் என்றார்கள். எண்டோஸ்கோபி எடுத்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். நானே மூன்று வாரம் கோதுமையை நிறுத்திப் பார்த்தேன். 11 வருடத்தில் முதல்முறையாக வயிறு என்று ஒன்று இருப்பதையே மறந்திருந்தேன்.

போன ஞாயிறு ஒரு கல்யாணம். பூரி, கேசரி எதையும் தொடவில்லை. சோறும் சாம்பாரும் மட்டும். வீடு வருவதற்குள் பழைய கதை. சமையல்காரரைக் கேட்டால் கூட்டுப் பெருங்காயம் போட்டாராம். டப்பாவைப் பார்த்தேன், கோதுமை மாவு என்று எழுதியிருக்கிறது. இப்போது சொல்லுங்கள், இதுவும் காசு மிஞ்சிய வியாதியா?

ஈசூன் சித்தப்பு | இரவு 9:31

மல்லிகா, நான் பொதுவாக எழுதியதை நீ உன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டாய். சரி, வா பேசுவோம். வாயுவுக்கு நம் பாட்டிமார் கொடுத்த மருந்தே பெருங்காயம்தான். மருந்தையே நோய் என்கிறாய். ஒரு அண்டா சாம்பாரில் ஒரு சிட்டிகை போடுவார்கள். அந்தச் சிட்டிகையில் மாவு எவ்வளவு? அதில் உன் தட்டுக்கு வந்தது எவ்வளவு? கணக்குச் சொல்லிவிட்டு என்னைத் திட்டு.

ஆய்வுக்கூடத்தான் | இரவு 9:40

சண்டைக்கு முன்னால் ஒரு விஷயம். இங்கே மூன்று தனித்தனி நோய்கள் கலந்து கிடக்கின்றன. சீலியாக் என்பது உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்குவது. கோதுமை அலர்ஜி வேறு. இரண்டும் இல்லாமல் கோதுமை தின்றால் தொந்தரவு வருவது இன்னொன்று. மல்லிகா அக்கா, கோதுமையை நிறுத்துவதற்கு முன்னால் சீலியாக்கைக் கண்டுபிடிக்கும் டிடிஜி ரத்தப் பரிசோதனை எடுத்தீர்களா? நிறுத்திய பிறகு எடுத்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று வரலாம். எண்டோஸ்கோபியில் சிறுகுடலிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்களா?

ஈசூன் சித்தப்பு | இரவு 9:44

தம்பி, பாடம் அப்புறம் நடத்தலாம். பெருங்காயத்தில் எத்தனை கிராம் மாவு?

பொங்கோல் பார்வதி | இரவு 9:58

கணக்குதானே வேண்டும்? சுத்தமான பெருங்காயம் ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பால். ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்துச் சரக்கு. அதன் காரமும் நாற்றமும் தாங்காது என்றுதான் மாவும் கோந்தும் சேர்த்து விற்கிறார்கள். 10 லிட்டர் சாம்பாருக்கு 10 கிராம் தூள் என்று வையுங்கள். அதில் பாதி கோதுமை மாவு, 5 கிராம். கோதுமை மாவில் பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்றால் 500 மில்லிகிராம். ஒரு கிலோவுக்கு 50. குளூட்டன் இல்லாத உணவு என்று முத்திரை போட உலக உணவுத் தர விதி அனுமதிப்பது கிலோவுக்கு 20 மில்லிகிராம். ஆக, சோற்றில் குளமாக ஊற்றிய அந்தச் சாம்பார் முத்திரைக்குத் தகுதியில்லாத சாம்பார்.

ஈசூன் சித்தப்பு | இரவு 10:06

10 லிட்டருக்கு 10 கிராமா! யார் வீட்டுச் சாம்பார் அது? "பாதி" என்று எந்த டப்பாவில் எழுதியிருக்கிறது? "என்று வையுங்கள்" என்று ஆரம்பித்தால் நானும் ஏதாவது வைப்பேன். பார்வதி, போன தீபாவளி ஒன்றுகூடலுக்கு நீ கொண்டுவந்த சாம்பாரில் பெருங்காயமும் இல்லை, பருப்பும் இல்லை. நீ பேசுகிறாய் அளவைப் பற்றி.

பொங்கோல் பார்வதி | இரவு 10:09

அந்தச் சாம்பாரை இரண்டு தரம் வாங்கி ஊற்றிக்கொண்டது யார் என்று அங்கே வந்தவர்களுக்குத் தெரியும். மிச்சத்தையும் டப்பாவில் கட்டிக்கொண்டு போனீர்கள். அந்த டப்பா இன்னும் வரவில்லை.

தேக்கா ராஜா | இரவு 10:15

குளூட்டன் என்று ஏன் எழுதுகிறீர்கள்? பசையம் என்று அழகான தமிழ்ச் சொல் இருக்கிறது.

ஈசூன் சித்தப்பு | இரவு 10:17

ராஜா, பரோட்டாக் கடையில் போய் "பசையம் இல்லாமல் ஒன்று" என்று கேட்டுப் பார். மாவு பிசைகிறவர் உன்னைப் பிசைந்துவிடுவார்.

ஆய்வுக்கூடத்தான் | இரவு 10:26

சோறு தின்கிறவனுக்கு வராது என்பதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். இந்தியாவில் மூன்று பகுதிகளில் 23,000 பேருக்கு மேல் சோதித்து 2016இல் ஒரு ஆய்வு வந்தது. சீலியாக்கைக் காட்டும் எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் இருந்தவர்கள் வடக்கே 1.23 விழுக்காடு, தெற்கே 0.10.

ஈசூன் சித்தப்பு | இரவு 10:28

ஆகா! பார்த்தீர்களா? வடக்கில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. என் வாயால் சொன்னால் திட்டு, ஆய்வு சொன்னால் விருப்பமா? நன்றி தம்பி.

ஆய்வுக்கூடத்தான் | இரவு 10:33

முழுசாகக் கேளுங்கள் ஐயா. அந்த நோய்க்கு வழிவிடும் மரபணு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான், மூன்றில் ஒருவருக்கு மேல். வித்தியாசம் தட்டில். அந்த ஆய்வின்படி வடக்கே ஒருவர் நாளுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார். தெற்கே 25 கிராம். இப்போது நம் சிங்கப்பூர்க் கணக்கைப் பாருங்கள். காலையில் பரோட்டா, மத்தியானம் மீ கோரிங் நூடுல்ஸ், சாயங்காலம் காயா டோஸ்ட். சோயா சாஸில்கூடப் பெரும்பாலும் கோதுமை உண்டு. நாமெல்லாம் சோறு தின்கிற தமிழர்தானா?

ஈசூன் சித்தப்பு | இரவு 10:36

அந்த 25 கிராமில் பெருங்காயத்தைச் சேர்த்தார்களா, சேர்க்கவில்லையா?

பிடோக் மல்லிகா | இரவு 10:41

இவரிடம் பேசுவதும் சுவரில் முட்டுவதும் ஒன்று. 1930களிலேயே நெதர்லாந்தில் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் கோதுமையைத்தான் சந்தேகப்பட்டார். 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் ரொட்டி கிடைக்காமல் போனபோது நோயாளிக் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். நானும் அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

ஈசூன் சித்தப்பு | இரவு 10:45

அந்தப் பிள்ளைகள் சாப்பிட்டது ரொட்டி. நீ சாப்பிட்டது சாம்பார்.

மருமகன் 77 | இரவு 10:52

அக்கா, தப்பாக நினைக்காதீர்கள். கல்யாண வீட்டில் பாயசம் குடித்தீர்களா?

பிடோக் மல்லிகா | இரவு 10:55

ஜவ்வரிசிப் பாயசம். அதில் கோதுமை கிடையாது. ஒரு கப்தான்.

ஈசூன் சித்தப்பு | இரவு 10:56

"சோறும் சாம்பாரும் மட்டும்" என்று 9:14க்கு எழுதியது யார்? இப்போது பாயசம் வருகிறது. இன்னும் பத்து நிமிடம் போனால் ஐஸ்கிரீமும் வரும். பாயசத்தில் பால். நம் ஆட்களில் பலருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. வழக்கு முடிந்தது.

பிடோக் மல்லிகா | இரவு 10:59

தினமும் பால் ஊற்றிய தே தாரிக் டீ குடிக்கிறேன். பால் என்றால் அன்றைக்கே தெரிந்திருக்கும். என்னை விசாரிக்க நீங்கள் யார், போலீஸா?

ஆய்வுக்கூடத்தான் | இரவு 11:07

சாம்பாரில் வெங்காயமும் இருந்திருக்கும், பருப்பும் இருக்கிறது. வெங்காயம், பூண்டு, கோதுமை மூன்றிலும் ஃப்ரக்டான் என்ற ஒரு மாவுச்சத்து உண்டு. சீலியாக் இல்லாமல் தாங்களாகவே குளூட்டனை விட்ட 59 பேரை வைத்து நார்வேயில் ஓர் ஆய்வு செய்தார்கள், 2018இல் வெளிவந்தது. எதில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் கொடுத்தபோது குளூட்டனைவிட ஃப்ரக்டான்தான் அதிகத் தொந்தரவு கொடுத்தது. அதனால்தான் சொல்கிறேன், முதலில் சீலியாக் இல்லை என்பதை உறுதி...

பிடோக் மல்லிகா | இரவு 11:10

வீட்டில் வாரம் மூன்று நாள் வெங்காய சாம்பார்தான் தம்பி. ஒன்றும் ஆவதில்லை. ஏனென்றால் நான் தூள் வாங்குவதில்லை, தேக்காவில் கட்டிப் பெருங்காயம் வாங்குகிறேன்.

ஈசூன் சித்தப்பு | இரவு 11:12

மாட்டிக்கொண்டாய்! கட்டியில் மட்டும் மாவு இல்லையா? அட்டையைத் திருப்பிப் படி. அதிலும் கோதுமை மாவு சேர்ப்பார்கள். வாரம் மூன்று நாள் அதைத் தின்று ஒன்றும் ஆகவில்லை என்று நீயே சொல்லிவிட்டாய்.

பொங்கோல் பார்வதி | இரவு 11:14

அப்படியானால் பெருங்காயத்தில் கோதுமை இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறீர்கள்!

ஈசூன் சித்தப்பு | இரவு 11:15

இல்லை என்று நான் எப்போது சொன்னேன்? எத்தனை கிராம் என்றுதானே இரண்டு மணி நேரமாகக் கேட்கிறேன்.

பிடோக் மல்லிகா | இரவு 11:21

நான் வாங்குவதில் அரிசி மாவு. எல்லாக் கடைச் சரக்கும் ஒன்றில்லை.

ஈசூன் சித்தப்பு | இரவு 11:22

படம் போடு.

பிடோக் மல்லிகா | இரவு 11:24

அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

தேக்கா ராஜா | இரவு 11:25

அரிசி மாவு போட்ட பெருங்காயம் எந்தக் கடையில் கிடைக்கும்? என் மனைவி கேட்கிறாள்.

ஆய்வுக்கூடத்தான் | இரவு 11:30

அக்கா, கடைசியாகச் சொல்கிறேன். மருத்துவரிடம் பேசிவிட்டு, ஆறு வாரமாவது தினமும் கோதுமை சாப்பிட்டு, அப்புறம் ரத்தப் பரிசோதனை எடுங்கள். அதற்கு முன்னால் இங்கே யார் சொல்வதும் ஊகம்தான்.

பிடோக் மல்லிகா | இரவு 11:34

ஆறு வாரமா? அந்த ஆறு வாரம் நீங்கள் வந்து என் இடத்தில் வேலை பார்ப்பீர்களா? 11 வருடம் பட்டது போதும். எனக்கு என் வயிறு தெரியும்.

ஈசூன் சித்தப்பு | இரவு 11:36

அவள் வயிறு அவளுக்குத் தெரியுமாம். அதில் பாயசம் போனதுதான் 10:52 வரை தெரியவில்லை.

பொங்கோல் பார்வதி | இரவு 11:38

சித்தப்பு, என் டப்பா.

ஈசூன் சித்தப்பு | பின்னிரவு 12:47

எல்லாரும் தூங்கிவிட்டீர்களா? மல்லிகா, அந்தச் சமையல்காரரின் எண் இருந்தால் தனிச்செய்தியில் அனுப்பு. அண்டாவுக்கு எத்தனை கிராம் போட்டார் என்று நானே கேட்டுக்கொள்கிறேன்.