அப்பாவின் ராலே சைக்கிள்: காட்டர் பின் கழற்ற உதவி தேவை

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் இருக்கிறோம். அப்பா வேலைக்கு ஓட்டிப்போன ராலே சைக்கிளைக் குடும்பமாக உட்கார்ந்து சரி செய்துகொண்டிருக்கிறோம். 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், பின்சக்கரத்தில் ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப். அழுக்கைத் துடைத்ததும் ஹப்பில் 58, 3 என்று முத்திரை தெரிந்தது. 1958 மார்ச்சில் செய்த ஹப்! அப்பா பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல, மகள் பால்ரஸ் குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவுகிறாள். என் மனைவிதான் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்தார்.

பெடல் தண்டை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் ஆப்புதான் காட்டர் பின். இடது பக்கக் காட்டர் பின் மட்டும் அசையவே இல்லை. துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற வைத்திருக்கிறோம். சுத்தியலால் ஓங்கி அடிக்க மனமில்லை, அடி உள்ளே பெடல் அச்சின் பால்ரஸ் உட்காரும் கப்பில் இறங்கும். ராலே கப்பின் மரை அங்குலத்துக்கு 26, மற்ற சைக்கிள்களில் பெரும்பாலும் 24. கடையில் கிடைக்கும் கப் இதில் ஏறாது. பின்னை அழுத்தித் தள்ளும் பிரஸ் யாரிடமாவது இருக்கிறதா? வண்டியை எடுத்துக்கொண்டு நாங்களே வருகிறோம்.

அப்புறம், மட்கார்டில் தங்கக் கோடு பாதி அழிந்திருக்கிறது. முழுசாகப் பெயின்ட் அடிக்கச் சொல்கிறார்கள், எனக்குச் சம்மதமில்லை. பழைய கறுப்பு அப்படியே இருக்கட்டும். கோட்டை மட்டும் கையால் இழுத்துத் தரும் பெயின்டர் யாராவது மதுரை, திண்டுக்கல் பக்கம் இருந்தால் சொல்லுங்கள்.

சின்னவனுக்கு முன் பாரில் ஒரு சீட் வைக்க வேண்டும். வெல்டிங், துளை எதுவும் இல்லாமல் கிளாம்பிலேயே பொருத்தியவர்கள் படம் அனுப்பினால் பெரிய உதவியாக இருக்கும்.